இரண்டுக்கும் பெயர் சைலன்சர்

எம்ரிஸ் பட்டறைத் தரையில் சாக்கு விரித்து
இரண்டையும் அருகருகே கிடத்தியிருந்தான்.
ஒன்று நேர்க்குழாய், துருவேறாத எஃகு,
ஒரு முனையில் கண் வைத்தால்
மறுமுனையில் மழை தெரியும்.
மற்றது கறுப்பு,
சினைப்பூனை மாதிரி நடுவில் உப்பியது.
'இரண்டுக்கும் பெயர் சைலன்சர்தான்' என்றான்,
சிரிக்கவில்லை.

என்னுடையது அறுபத்தாறாம் வருடத்து எம்.ஜி.பி.
பச்சை. இரண்டே இருக்கை.
கூரையை மடக்கினால் வேல்ஸ் முழுதும் மடியில் ஒழுகும்.
ஆறு வருடம் நேர்க்குழாயில்தான் ஓடிற்று.
கணவாய் இறக்கத்தில் கியரைக் குறைத்தால்
பின்னால் படபடவென்று வெடிக்கும்,
மேட்டு ஆடுகள் அத்தனையும் ஒருசேரத் தலைதூக்கும்,
சிலேட் பாறைகள்
வாங்கி வாங்கித் திருப்பித் தரும்.
பிடிக்கும் எனக்கு. பொய் சொல்ல மாட்டேன்.
பல் மருத்துவமனை வரவேற்பில்
நாளெல்லாம் தணிந்த குரலில் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

மாற்ற வைத்தது கெத்தின்.
எதிர்வீடு, ஆம்புலன்ஸில் இரவுப் பணி.
ஏழரைக்கு அவன் படுப்பான்,
ஏழே முக்காலுக்கு நான் சாவி திருகுவேன்.
சண்டைக்கு வரவில்லை.
ஒரு டஜன் முட்டையோடு வாசலில் வந்து நின்றான்.
முட்டையை வாங்கிக்கொண்டபின்
என்ன பேச முடியும்?

போல்ட்டுகளை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.
போக மனமில்லாத விருந்தாளி அந்தக் குழாய்.
புது ரப்பர், புது கிளாம்ப்,
மூன்று மணிக்குச் சாவி கைக்கு வந்தது.

திரும்பும் வழியில்தான் தெரிந்தது
என் காருக்கு எத்தனை வியாதி என்று.
இடது பின்சக்கரத்தில் ஒரு முனகல்.
மூன்றாம் கியரில் கொசு.
டேஷ்போர்டுக்குள் எங்கோ
உருண்டுகொண்டேயிருக்கும் ஒரு திருகு,
யார் எப்போது தொலைத்ததோ.
இத்தனையும் மறைக்கத்தானா அத்தனை கத்தல் என்று
ஸ்டியரிங்கை ஒரு தட்டு தட்டினேன்.

பக்கத்தில் ஹவெல்.
ஆறு வருடத்தில் இந்த இருக்கையில்
நான் அவனிடம் அதிகம் சொன்ன சொல்
'என்ன?'
அதற்குமேல் ஒரு தலையாட்டல்.
அதுவே போதுமானதாயிருந்தது,
நல்ல தம்பதி என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஏரி வளைவில்
குரலை உயர்த்தாமலே சொன்னான்:
'வர்ற வெள்ளியோடு மூணு மாசம்.'
எதற்கு?
'குவாரியில் என்னை நிறுத்தி.'

வண்டியை ஓரங்கட்டினேன்.
ஏன் சொல்லவில்லை என்றேன்.
'சொன்னேனே' என்றான்.
'மார்ச்சில். கணவாய் இறக்கத்தில்.
நீ சிரித்துத் தலையாட்டினாய்.
இவ்வளவு தைரியமாக எடுத்துக்கொண்டாளே என்று
அன்றைக்கு ராத்திரி நான் சமைத்தேன்.'
மீன். எலுமிச்சைகூட இருந்தது.
நினைவிருக்கிறது. எதற்கென்று கேட்காமல்
இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.
மூன்று மாதமாக அடுப்படி துடைத்துக் கிடந்ததற்கும்
பூட்டாமலே கிடந்த அவன் பூட்ஸுக்கும்
இப்போது காரணம் வந்தது.
'அதற்கப்புறம் நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை,'
ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்,
'கருணை என்று நினைத்துக்கொண்டேன்.'

எஞ்சின் அணைந்திருந்தது.
அடியில் புதுக்குழாய் ஆறும்போது
டிக், டிக் என்றது.
பழையது எங்கள் முதுகுக்குப் பின்னால்
போர்வையில் சுற்றிக் கிடந்தது,
ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு.
எடைக்குப் போட்டுவிடவா என்று எம்ரிஸ் கேட்டபோது
வேண்டாம் என்றிருந்தேன்,
என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும் என்று.
இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாவியைத் திருகினேன்.
தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பியது.
'மறுபடி சொல்' என்றேன்,
'மார்ச்சிலிருந்து.'