உட்பிரிவு

மண்டி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கணக்கெழுதும் கம்ப்யூட்டரில்
அக்கா மகளின் ரிப்போர்ட்டைத் திறக்கிறேன்.
ராயக்கோட்டையில் மழை. நெட் விட்டு விட்டு வருகிறது.
நசுங்கிய தக்காளி வாசம் கீபோர்டு வரைக்கும்.

பட்டா தேடுவதுபோலத்தான்.
மாவட்டம், வட்டம், கிராமம், புல எண்.
பதின்மூன்றாம் குரோமோசோம், நீண்ட கை,
அப்புறம் எட்டு இலக்கத்தில் ஓர் இடம்.
இதிலும் பழைய சர்வே, புதிய சர்வே உண்டு.
ரிப்போர்ட் பழையதில் பேசுகிறது, தரவுத்தளம் புதியதில்.
முதல் நாள் முழுக்க
ஐந்தே முக்கால் லட்சம் எழுத்து தள்ளி
யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருந்தேன்.

சரியான இடத்துக்கு வந்தால் வேறு குழப்பம்.
தாளில் ஜி போய் ஏ வந்திருக்கிறது.
திரையில் சி போய் டி.
ரத்தக் குழாய் மாறிப்போயிருக்கும், இது நம் பிள்ளையுடையதில்லை என்று
ஒரு டீ ஆறும்வரை சந்தோஷமாக இருந்தேன்.
இந்த ஜீனை எதிர் இழையிலிருந்து படிக்க வேண்டுமாம்.
அதே மைல்கல்தான்.
ஓசூரிலிருந்து வருகிறவனுக்கு ஓர் ஊர்ப் பெயர்,
தர்மபுரியிலிருந்து வருகிறவனுக்கு இன்னொன்று.

இருநூற்று இருபத்தாறு மணி கோக்க வேண்டிய சரம்
இருபத்து மூன்றோடு அறுந்துவிடுகிறது.
தனுஜா, தனுஜா என்று
மூன்று வருடம் கைதட்டியதற்கு
இவ்வளவுதான் பதில்.
அவள் இங்கே வந்தால்
கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் கன்னத்தை வைத்துக்கொள்வாள்.
உள்ளே ஃபேன் சுற்றுவது பிடிக்கும்.

ரிப்போர்ட்டின் அடியில் இன்னொரு வேறுபாடு.
'பொருள் தெளிவில்லை.'
அது தனியாக வந்ததா,
இதன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்ததா?
தலைமுறை மாறும்போது சீட்டுகள் கலைகின்றன.
பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மட்டும்
எத்தனை பஸ் மாறினாலும் சேர்ந்தே இறங்குவார்கள்.
அதைக் கணக்கிட ஒரு தளம் இருக்கிறது.
இரண்டு எண்களைக் கொடுத்தேன்.
எந்த மக்கள், என்று கேட்டது.

லாகூரில் பஞ்சாபிகள்.
ஹூஸ்டனில் குஜராத்திகள்.
இங்கிலாந்தில் இலங்கைத் தமிழர், நூற்றிரண்டு பேர்.
இங்கிலாந்தில் இந்தியத் தெலுங்கர், அவர்களும் நூற்றிரண்டு.
எங்களுக்கு வீட்டில் தெலுங்கு,
பத்திரத்தில் தமிழ்,
பாக்கி வசூலுக்குக் கன்னடம்.
முதலில் தெலுங்கரை டிக் செய்தேன்.
அழித்துவிட்டுத் தமிழரை.
பிறகு இரண்டையும்.
வாசலில் நாநூறு பெட்டி அடுக்கியிருக்கிறது,
திரையில் ராயக்கோட்டைக்கு ஒரு பெட்டி இல்லை.

சிவப்பில் ஒரு வரி வந்தது:
இரண்டில் ஒன்று இந்தக் குழுவில் யாரிடமும் காணப்படவில்லை.
கணக்கிட இயலாது.

ஏலச் சீட்டின் பின்பக்கத்தில் நானே வரைந்தேன்.
பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம்.
அம்மா வட்டம், அவள் தம்பி சென்னய்யா சதுரம்.
அம்மாவுக்குக் கீழே அக்காவும் நானும்.
அக்காவிலிருந்து சென்னய்யாவுக்குச் சாய்வாக ஒரு கோடு,
சொந்தத்தில் கட்டினால் இரட்டைக் கோடு போட வேண்டும்,
பேனா அந்த இடத்தில் தாளைக் கிழித்தது.
அதன் கீழே முழுக்கக் கறுத்த சின்ன வட்டம்.
அம்மாவுக்குப் பாதி நிழல் என்று ஊகம்.
அக்காவுக்கும் மாமாவுக்கும் பாதி, அது நிச்சயம்.
என் சதுரத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

அக்கா போன் செய்தாள்.
மாமா வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டதாம்.
"யார் பக்கத்திலிருந்துடா வந்தது?" தெலுங்கில் கேட்டாள்.
இணைப்பு அளவு, நிகழ்தகவு, நூற்றிரண்டு பேர்
எல்லாம் நாக்கு வரை வந்து நின்றன.
"ரெண்டு பக்கமும் ஒரே பக்கம்தான்க்கா."

மழை தகரத்தில் விழுவது
அவள் பக்கமும் கேட்டிருக்கும்.
கொஞ்ச நேரம் கழித்து,
"சரி, நாளைக்கு ரேட் என்ன சொல்றாங்க?"

சீட்டைத் திருப்பிப் பார்த்துச் சொன்னேன்.
முதல் ரகம், பெட்டி நூற்றெண்பது.
மழை விட்டால் இன்னும் இறங்கும்.