அனுப்பும் நிரலை அனுப்புதல்

முத்தையன்கட்டு நீர்ப்பாசனக் கந்தோரின் பின்னறையில்
உரப்பைகளுக்கு அடியில் கிடந்தன இரண்டும்.
ஏதோ திட்டம், ஏதோ நாடு, அன்பளிப்பென்று வந்தவை.
ஒன்றைத் திறந்தேன். உள்ளே குளவிக்கூடு.
தட்டிக் கொட்டிவிட்டு
நினைவகத்தைக் கழற்றி மற்றதில் போட்டேன்.
மற்றது விழித்தது.
விழித்ததும் கேட்டது, இன்றைக்கு என்ன திகதி?
அதன் மணிக்கூட்டுப் பற்றறி செத்துக் கனகாலம்.
என் பதிலுக்கும் காத்திராமல் தானே எழுதிக்கொண்டது:
ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபது, தை ஒன்று.

"திகதியை விடுங்கோ" என்றார் பொறியியலாளர் பிறேமகாந்தன்.
"குளக்கட்டை உயர்த்தப் போறம்.
முந்தி எவ்வளவு உயரத்தில வான் பாஞ்சது எண்டு
எனக்குத் தெரியவேணும்."

பெட்டிக்குத் தெரியும். சொல்லத்தான் வழியில்லை.
இறுவட்டுத் தட்டை வெளியே நீட்டும், உள்ளே இழுக்காது.
பிளொப்பி இருக்கா என்றால்
வவுனியாக் கடைக்காரன் என்னையே பார்க்கிறான்.
மிச்சம், முதுகில் ஒரு தொடர்வாய்,
இருபத்தைந்து கண்.

கோப்பு அனுப்ப ஒரு நிரல் வேண்டும்.
அந்த நிரலும் ஒரு கோப்பு.
அதை அனுப்ப அந்த நிரல் வேண்டும்.
"அடையாள அட்டை எடுக்கப் போனா
அடையாள அட்டை கேக்கிற கதை" என்றார்.

ஆகவே கையால்.
வாங்க மட்டும் தெரிந்த குட்டி நிரல்,
நூற்றுப் பதினேழு வரி.
மடிக்கணினியில் பார்த்துப் பார்த்து
அந்தக் கனத்த விசைப்பலகையில் அடித்தேன்.
தொண்ணூறைத் தாண்டியபோது கரண்ட் போனது.
சேமித்தது எண்பத்தொன்று வரை.
மிச்சத்தைத் திரும்ப அடித்து ஓடவிட்டால்
முழுவதும் பிழை என்றது.
அறுபத்திரண்டாம் வரியில்
மூடாமல் விட்ட ஓர் அடைப்புக்குறி.

பிறகு குட்டி பெரியதை இழுத்தது.
பெரியது தொகுபட நாற்பது நிமிடம்.
மதகடியில் எருமைகளைப் பார்த்துக்கொண்டு
சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

திரும்பி வந்து இணைத்ததும்
பெட்டியும் மடிக்கணினியும் பேசத் தொடங்கின.
இந்தா ஒன்று. கூட்டிப் பார்த்தாயா? சரி.
இந்தா இரண்டு. கூட்டு பிழை, திரும்பத் தா.
இந்தா இரண்டு.
சரி.
இவ்வளவு பொறுமையாக
ஒரு கந்தோரோடு இன்னொரு கந்தோர் பேசி
நான் கேட்டதில்லை.

வாரம், அடி, அங்குலம், மழை.
கடைசியில் குறிப்பு என்றொரு பத்தி.
அதற்குள் ஆங்கில எழுத்துகளில் தலைகால் புரியாத கிறுக்கல்.
"வைரஸோ?"
இல்லை ஐயா, பாமினி.
எழுத்துரு இல்லாத பெட்டியில் தமிழ் இப்படித்தான் கிடக்கும்.
காற்புள்ளியில் தொடங்கினால் அது இ.
அரைப்புள்ளி வந்தால் மெய்க்கு ஒரு குத்து.
டைப்பிங் வகுப்பில் விரல் வீங்க அடித்தவள் நான்,
அப்படியே வாசித்தேன்:

மதகு மூன்று அங்குலம் திறப்பு.
அளவுகோலில் பாம்பு, தள்ளி நின்று வாசித்தது.
வான் பாய்கிறது, பதினொரு அங்குலம்.
ஆள் இல்லை.
ஆள் இல்லை.
ஆள் இல்லை, அளவு நான் எடுத்தது. யோ.

அந்தக் கம்பி ஏழு பிட்டுக்கு மேல் விடாது.
தன் உருவில் வந்திருந்தால் தமிழை
சாவடியில் இறக்கியிருக்கும்.
வேற்றெழுத்து உடுத்தி வந்ததால்
ஒரு குத்தும் குறையாமல் தாண்டியது.

யோ யாரென்று பிறேமகாந்தனுக்குத் தெரியாது.
அவர் இங்கே வந்ததே போன வருடம்.
பதினொன்று என்று எழுதி
இரண்டு தரம் அடிக்கோடிட்டார்.

மாங்குளம் பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி.
பெட்டியை நிறுத்துமுன் கடைசி வரிசைக்குப் போய்
குறிப்புப் பத்தியில், பாமினியிலேயே,
சரி என்று அடித்தேன்.
பிறகு அழித்தேன்.
கூட்டுத்தொகை மாறிவிடும்.