தவறான சாவி

ஏர்வாடிக் கடலில் பாசி எடுக்கையில்
இடுப்பில் கட்டிய பாலித்தீன் கிழிந்து
உப்புத்தண்ணி குடித்துச் செத்தது
ஞானசெல்வியின் போன்.

என்னிடம் காப்பு நகல் இருக்கிறது.
ஒரு பைட் குறையவில்லை.
யாவாரி எடையில் கை வைக்கக்கூடாதென்று
ஏழு மாதக் கணக்கை
நான்தான் பூட்டினேன்.
சாவியை அந்த போனுக்குள் வைத்ததும் நான்தான்.

சோதனைக்கு வைத்திருந்த பழைய சாவிகளை
ராத்திரி முழுக்கப் போட்டுப் பார்த்தேன்.
திரை சொன்னது:
இது தரவுத்தளமே அல்ல.

"அழிஞ்சிருச்சா?"
"இல்லக்கா. எல்லாம் அப்படியே இருக்கு."
"அப்ப பங்குனியில எத்தன கிலோ, சொல்லு."

விசைப்பலகையில் இரண்டு கையும் கிடந்தன.

"யாவாரியாலயும் தெறக்க முடியாதுல்ல?"
"யாராலயும் முடியாது."

தலையாட்டினாள். நல்ல பூட்டுதான்.
அவனுடைய நோட்டில் பங்குனி இருக்கிறது,
பென்சிலில்.