பக்கவாட்டுத் தோற்றம்

மூன்றாம் கேட்டை ஒட்டிய சீமைக்கருவேலத்தில்
ஒரு முள் நகர்ந்தது.
மற்ற முட்கள் கண்டுகொள்ளவில்லை.

தரமணி, மாலை ஐந்தே முக்கால்.
லேப்டாப் பையைச் சுவரோரம் கிடத்திவிட்டு
கைப்பேசியில் கிளிப் லென்ஸை மாட்டினேன்.
நான் வலப்பக்கம் போனால்
அது கிளையின் இடப்பக்கம் போனது.
நான் இடப்பக்கம் வந்தால்
கடன்காரனைக் கண்டவன் மாதிரி
மறுபடி அந்தப் பக்கம்.

"இன்னா பாக்குற? ஐடி காட்டு."
காவலர் அஞ்சலாட்சி. நீலச் சட்டை,
நெஞ்சில் விசில், கையில் மூன்று செல் டார்ச்.
கழுத்துப் பட்டையோடு அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.
படத்தில் எனக்கு மீசை இருந்தது.
"இது நீதானா?"
அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்,
பூச்சியிடம்.

கொம்பு இருக்கிறது, ரெண்டு.
ஆனால் கொம்பு தலையில் இல்லை.
தலை கீழே குனிந்து சாறு குடித்துக்கொண்டிருக்கிறது,
மேலே நிற்கும் விறைப்புக்கும் தனக்கும்
சம்பந்தமே இல்லாதது போல.
தலைக்குப் பின்னால் இருக்கும் ஓடுதான்
பக்கத்துக்கு ஒன்றாய்க் கூர்ந்து
பின்னாலும் வாளாக நீண்டிருக்கிறது.

"புகையானா?" என்றாள்.
மதுராந்தகம் பக்கம் நடவுக்குப் போனவளாம்.
இல்லை. புகையானுக்குப் பின்னங்காலில்
அசைகிற குதிமுள் உண்டு,
முதுகில் இந்த வேஷம் கிடையாது.
இலைத் தத்துப்பூச்சியும் இல்லை;
அதன் காலில் சீப்புப் பல்லாய் முள்வரிசை,
உடம்போ கவிழ்த்த படகு.
நுரைப்பூச்சி என்றால் அதன் குஞ்சு
தன் நுரைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.
இங்கே நுரை இல்லை.
பின்னாலிருக்கும் கால்வாயில் மிதப்பது வேறு நுரை.

ஆக, கொம்புத் தத்துப்பூச்சி.
குடும்பம் வரை வந்தாயிற்று.
குடும்பம் தெரிந்தால் போதுமா?
வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது
என்னிடமும் அதற்கு மேல் கேட்டார்கள்.

ரெண்டு பேரினங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன்.
ஒன்றில் முதுகின் வாள்
இறக்கையோடு ஒட்டி நேராகப் படுத்திருக்கும்.
மற்றதில் வளைந்து எழும்பி
நுனியில் மட்டும் இறங்கித் தொடும்;
நடுவில் ஒரு சந்து.
மேலிருந்து பார்த்தால் எனக்கு ரெண்டும் ஒன்றுதான்.
பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.
பக்கத்தைத்தான் காட்டமாட்டேன் என்கிறது.

"அக்கா, நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க."
நின்றாள். டார்ச்சை அடித்தாள்.
பூச்சி என் பக்கம் திரும்பக் கிளம்பி,
இங்கே நான்,
பாதி வழியில் நின்றது.
வேளச்சேரி ரயில் போனதில் கிளை நடுங்கியது.
திரையில் உருவம் கலைந்தது, கூடியது, கலைந்தது,
கூடியபோது
வாளுக்கும் இறக்கைக்கும் இடையில்
டார்ச் வெளிச்சம்.
கடுகளவு. கடுகிலும் பாதி.

"ஓட்டை தெரியுதுப்பா!"
அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.
அதன் வழியாக என் சட்டைக் கலர் தெரிந்ததாம்.

குறிப்பேட்டில் பேரினம் எழுதினேன்: லெப்டோசென்ட்ரஸ்.
இனத்தைச் சொல்ல
பிடிக்க வேண்டும், கொல்ல வேண்டும்,
ஊசியில் குத்தி அளக்க வேண்டும்.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

"கடிக்குமா?"
"கடிக்காது."
"பின்ன எதுக்குக் கொம்பு?"
"தெரியலக்கா."
விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
"இத்தயும் நான் ஊதுனதேயில்ல."

மறுநாள் காலை அட்டையைக் கேட்கவில்லை.
கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போனாள்.
"கொம்பில்லாதது ஏழு இருக்கு. அதே ஜாதியா பாரு."
குஞ்சுகள்.
கிளையில் காரை பெயர்ந்தாற்போல் ஒட்டிக்கொண்டு,
ஒன்றுக்கும் ஓடு நீளவில்லை,
ஒன்றிலும் பேர் சொல்ல ஏதுமில்லை.
சுற்றிலும் கட்டெறும்புகள்
கொடுக்கும் இனிப்புச் சொட்டுக்காக
ஒவ்வொன்றையும் மீசையால் தட்டித் தட்டி
சரிபார்த்துக்கொண்டிருந்தன.