உயிரை விட்டு எழுதுவது

பத்தரை என்று போட்டிருந்தார்கள்.
மைக் வந்தது பதினொன்றேகாலுக்கு.
பொருள்: கடற்கரைச் சாலைத் தெற்கு முனையில் நிற்கும்
லர்மோன் துரையின் சிலை
இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா.
புதுச்சேரி நகராட்சி, கருத்துக் கேட்பு.
குறிப்பெடுப்பது நான். சுருக்கெழுத்து, இரண்டாம் நிலை,
ஓய்வுக்குப் பதினான்கு மாதம் பாக்கி.

முதலில் சொல்தா சவரிநாதன் எழுந்தார்.
கைக்குட்டையிலிருந்து பதக்கங்களை எடுத்து
ஒவ்வொன்றாகக் குத்திக்கொள்ளும்வரை
சபை காத்திருந்தது.
"ஜிபூத்தியில ரெண்டு விரல விட்டுட்டு வந்தேன்.
அதுக்குத்தான் பென்ஷன், அதுலதான் சோறு.
வெண்கலம் அது பாட்டுக்கு நிக்குது, விடுங்க."
கைதட்டினார்கள். கைதட்டலை எழுத விதியில்லை.

விடுதி உரிமையாளர் சங்கத்துக்காரர் சொன்னது:
வருகிறவர்கள் அங்கேதான் படம் எடுக்கிறார்கள்,
எடுத்துவிட்டால் எதன் முன்னால் நிற்பார்கள்?
"கடல் இருக்கேய்யா" என்றது பின்வரிசை.

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் நடுவழி சொன்னார்.
நிற்கட்டும், கீழே ஒரு பலகை வைப்போம்.
பலகையில் என்ன எழுதுவது என்று கேட்டதும்
எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
அந்த ஏழு நிமிடத்துக்கு என் தாளில்
'கூச்சல்' என்று ஒரே சொல்.

மூன்று கட்சி வந்திருந்தது.
மூன்றுக்கும் எடுக்கச் சம்மதம்.
மூன்றும் பீடத்தின் நீள அகலம் கேட்டன.

பிறகு குருசுக்குப்பத்து இசபெல் தனக்கோடி.
ஆவணக் காப்பகத்தில் தூசு தட்டும் வேலை, தினக்கூலி.
பேச வரவில்லை, வாசிக்க வந்தேன் என்றாள்.
துரையின் கப்பல் சரக்குப் பட்டியல்.
நீலத்துணிக்கும் அரிசிக்கும் நடுவில்
பெண் ஒன்று, இருபது, முன்பல் இல்லை.
பெண் ஒன்று, கைக்குழந்தையோடு, குழந்தை கணக்கில் இல்லை.
ஆண் ஒன்று, தறிக்காரன், இடது கண்ணில் பூ.
பையன் ஒன்று, ஏழு, இருமல்.
பையன் ஒன்று.
பையன் ஒன்று.
பெயர் என்ற பத்தியில்
மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு.

ஃபேன் சத்தம் கேட்டது.
தலைவர் கடிகாரத்தைப் பார்த்து
"சுருக்கமா" என்றார்.

சுருக்கம் என் தொழில்.
முதல் நாளே சொல்லித்தந்துவிடுவார்கள்:
வேகம் வேண்டுமென்றால் உயிரை விட்டுவிடு,
மெய்யை மட்டும் போடு,
படிக்கிறவன் புரிந்துகொள்வான்.
முப்பத்து மூன்று வருடம் அப்படித்தான் போட்டேன்.
துரையின் குமாஸ்தாவும் நல்ல வேகக்காரன்.

அன்று கை ஓடவில்லை.
ஒவ்வொரு குறிலுக்கும் நெடிலுக்கும் நின்று
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி
முழுசாக எழுதிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் யாரோ அவளை உட்காரச் சொன்னார்கள்.
"படிக்க விடுங்கடா" என்று கத்தியது சவரிநாதன்.
அவருக்கே அது எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும்,
பதக்கம் ஒன்று கழன்று விழுந்தது,
அவர் குனியவில்லை.

முடிவு: அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
அதுவரை சிலை மூடிவைக்கப்படும்.

மூன்று மணிக்குத் தட்டச்சு.
வந்திருந்தோர் நூற்றுப் பதினொருவர்.
நூற்றுப் பன்னிரண்டாவதாக
'பையன், ஏழு, இருமல்' என்று சேர்த்தேன்.
கையொப்பக் கட்டம் காலி.
ஆணையர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தார்.
முத்திரை விழுந்தது.

ஆறு மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டி கிடையாது.
நீலத் தார்ப்பாய்க்கு முன்னால் ஒரு குடும்பம்
பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.
உள்ளே யாரென்று கேட்டது சின்னது.
"யாரோ பெரிய ஆளு" என்றார் அப்பா.

கட்டியவன் வம்பாகீரப்பாளையத்து தேசிங்கு,
படகுக் கயிறு, படகு முடிச்சு.
"இழுக்க இழுக்க இறுகும் சார்.
ஒரு முனையத் தொட்டா மொத்தமும் அவுந்துரும்."

கிழக்கிலிருந்து காற்று ஏறியது.
தார்ப்பாய் விம்மி, தாரை உதறி,
வெறும் பாயானது.
ஒரு கணம் பீடம் கப்பல்.

எந்த முனை என்று அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.