தள்ளுபடகு

களுவாஞ்சிகுடிக் கந்தோரில் என் பெயருக்கு நேரே
'இழுவைப்படகு ஓட்டுநர்' என்று எழுதிவிட்டார்கள்.
இழுப்பதில்லை மிஸ், தள்ளுகிறேன் என்றேன்.
புஷ்பலோஜினி மிஸ் நிமிரவில்லை.
"ரெண்டும் ஒண்டுதானே. நகர்ந்தாச் சரி."

ஒன்றில்லை.

ஒலுவிலில் மண் தோண்டும் கப்பலோடு
நான்கு வருடம் இழுவைப்படகில் கிடந்தவன் நான்.
அதற்கு மூக்குக் கூர், வயிறு ஆழம்.
அலை வந்தால் ஏறி, விழுந்து, மறுபடி ஏறும்.
முதுகில் கொக்கி. கொக்கியில்
மணிக்கட்டுத் தடிப்பில் கயிறு.
கயிற்றின் மறுமுனையில், ஐம்பது பாகம் தள்ளி,
சொந்தப் புத்தி எதுவுமில்லாத இரும்பு.
நாம் நின்றாலும் அது நிற்காது,
கடன் கொடுத்தவனைப் போல வந்துகொண்டே இருக்கும்.
கயிறு முறுகிப் பாடத் தொடங்கினால்
அலியார் காக்கா ஒரே சொல்தான் சொல்வார்:
"குனி."
ஒருநாள் குனிந்தேன்.
நிமிர்ந்தபோது
புகைபோக்கி இருந்த இடத்தில் வானம் இருந்தது.

இங்கே குருமண்வெளித் துறையில்
அலை என்று சொல்ல ஒன்றுமில்லை.
வாவி. நாங்கள் ஆறு என்போம்.
கோடையில் சில இடத்தில்
மீன் பிடிப்பவன் இடுப்புக்கூட நனையாது.
அதனால் என் படகுக்கு அடி தட்டை, சோற்றுக்கோப்பை போல.
மூக்கே கிடையாது. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில்
நேராக வெட்டிய நெற்றி,
நெற்றியில் இரண்டு லொறி டயர்.
அதைப் பாதையின் முதுகில் முட்டக் கொடுத்து
இரு பக்கமும் கம்பி இறுக்குவேன்.
பாதையைத் தள்ளுகிறேன் என்றால்
வெளியூர்க்காரர் சிரிப்பார்கள், ரோட்டை யார் தள்ளுவது என்று.
ஆளும் மோட்டார்சைக்கிளும் உழவு மெஷினும் ஏறும்
இந்த மிதக்கிற தளத்துக்கு
எங்களிடம் அதுதான் பெயர்.

கயிற்றில் தொய்வு உண்டு. இந்தக் கட்டில் இல்லை.
நான் கிறுகினால் பாதையும் கிறுகும்,
பின்னுக்கு முறுக்கினால் பாதையும் பின்னுக்கு வரும்.
என் பிழை ஐம்பது பாகம் கழித்து வராது,
அந்தக் கணமே எல்லோருடைய பிழையும் ஆகும்.

முன்னால் எதுவும் தெரியாது, அதுதான் வில்லங்கம்.
தெரிவதெல்லாம் முதுகுகள்.
மண்டூருக்குப் போகும் டீச்சர்மாரின் குடைகள்,
கோழிக்கூடு, உமிமூட்டை,
ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு வங்கிக்காரர்.
எட்டு வருடமாகப் படுவான்கரையை நான்
தோள்களுக்கு இடையில்தான் பார்க்கிறேன்.
முன்முனையில் துஜீபன் நின்று கை காட்டுவான்.
கண் அவனிடம், கை என்னிடம்.

மனு எழுதினேன்:
'தள்ளுபடகு' என்று திருத்தித் தரவும்.
மூன்று கிழமையில் பதில் வந்தது,
'தள்ளுபடி.'
எழுத்துப் பிழையா தீர்ப்பா
இன்றும் தெரியாது.

மார்கழியில் வெள்ளம் ஏறி
ஆற்றுவாழை தீவு தீவாக இறங்கிய காலை.
துஜீபனுக்குக் காய்ச்சல்.
ஏறியவர்களில் புஷ்பலோஜினி மிஸ்,
அக்கரையில் ஏதோ நடமாடும் சேவை, கையில் கோப்பு.
நெரிசலில் அவருக்குக் கிடைத்த இடம் முன்முனை.
நடு ஆற்றில் கத்தினேன்:
"மிஸ், முன்னுக்கு என்ன?"
"தண்ணி."
"தண்ணியில என்ன?"
சத்தமில்லை. பிறகு
குடைகளுக்கு மேலே கோப்பு உயர்ந்தது.
இடது. இன்னும் இடது.
நில்.
பின்னுக்கு முறுக்கினேன்.
எல்லா முதுகும் ஒருமுறை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தன.
முக்கால்வாசி முழுகிய பனங்குற்றி ஒன்று
பாதையைக் கடந்து, என் டயர்களையும் கடந்து
பின்னால் போனபோதுதான் அதைக் கண்டேன்.

மண்டூரில் இறங்கும்போது
கோப்பின் ஓரம் நனைந்திருந்தது.
"ஒண்டும் காணாமலா ஓட்டுறீங்க?"
ஓம் மிஸ்.
"கடல்லயும் இப்படியா?"
அங்கே முன்னால் யாரும் நிற்கமாட்டார்கள், என்றேன்.

சம்பளச் சீட்டில் இன்றைக்கும் இழுவைப்படகுதான்.
அன்று மூன்றரைப் பாதைக்கு அவர் திரும்பி வந்தார்.
பின்னால் வாங்கில் இடமிருந்தது.
முன்னுக்குப் போய் நின்றார்.