கான் வெட்டிய ஞாயிறு

வெள்ளி ராத்திரி பெய்த மழைக்கு
கோடிக் காம்பராவில் முழங்கால் தண்ணி.
சந்தனமேரி வீட்டு அரிசி வாளி
மிதந்துபோய்
வாசல்படியில் முட்டி நின்றதாம்.
ஒப்பீசுக்குச் சொன்னோம்.
பார்க்கிறோம் என்றார்கள்.
மழையும் அதற்குள் இன்னொரு தரம்
வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை நாங்களே இறங்கினோம்.
பன்னிரண்டு காம்பராவுக்கு ஏழு மண்வெட்டி.
லயத்துக்குப் பின்னால், மண்மேட்டின் அடியில்,
வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கான்.
மண்தான் அடைத்திருக்கும் என்று நினைத்தேன்.
மண் கொஞ்சம்தான்.

முதல் வெட்டில் லன்ச் சீட்.
பிறகு ஷாம்பு பக்கட், பிஸ்கட் உறை,
சிலிசிலி பேக்குக்குள் சிலிசிலி பேக்,
அதற்குள் இன்னொன்று,
அதற்குள் பேம்பர்ஸ்.
யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.
லயத்தில் இப்போது
ஒரே ஒரு கைக்குழந்தைதான்.
ரங்கதாசன் மட்டும் அண்ணாந்து
மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து மணிக்கு என் மண்வெட்டி நுனியில்
மஞ்சளாய் ஒன்று வந்தது.
உதறிப் பீலித் தண்ணியில் காட்டினேன்.
கனகதாரா சில்க் ஹவுஸ், ஹட்டன்.
சிவப்பு எழுத்து ஒன்றுகூடக் கரையவில்லை.
கீழே தொலைபேசி இலக்கம்,
மீண்டும் வருக என்று ஒரு கும்பிடு.

யோகமலரைக் கூப்பிட்டேன்.
கொழுந்துக் கறை விரலால் எழுத்தைத் தடவினாள்.
"பெரியவ பொறந்த வருசம்," என்றாள்.
"தீவாளி அட்வான்ஸ்."

பதினோரு வருசம்.
அந்த அட்வான்சை மாதாமாதம்
சம்பளத் துண்டில் வெட்டி
பத்தே மாதத்தில் தீர்த்துவிட்டார்கள்.
அந்த நூல்சேலை
இரண்டு தீபாவளி கண்டது,
பெரியவளுக்கு ஏணையாச்சு,
சின்னவனுக்கும் அதே ஏணை,
நடுவில் கிழிந்ததும் ஜன்னலுக்குத் திரை,
பிறகு ரொட்டிக்கல் பிடிக்கும் துணி,
கடைசியில் கார்த்திகை விளக்குக்குத் திரி.
எரிந்த கரிகூட மிச்சமில்லை.
ஹட்டனில் அந்தக் கடையும் இல்லை,
அங்கே இப்போது போன் திருத்துகிறார்கள்.

கடையிலிருந்து பஸ் ஏறி வீடு வரைக்கும்
ஒன்றரை மணித்தியாலம் மட்டும்
தேவைப்பட்ட பை
புதுசாய் இருக்கிறது.

நான்தான் எறிந்திருப்பேன்.
அவள் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.
பின்கதவைத் திறந்து கையை வீசினால் கான்.
அதைவிட வசதி
உலகத்தில் வேறென்ன இருக்கிறது?

மத்தியானம் தண்ணி ஓடத் தொடங்கியது.
முதலில் கறுப்பு,
பிறகு தேத்தண்ணி நிறம்,
பிறகு கல் தெரிந்தது.
அள்ளியதைக் கொளுத்தலாம் என்றான் ரங்கதாசன்.
அவன் மூத்தவனுக்கு இழுப்பு.
அவன் மனைவி பார்த்த பார்வையில்
தீப்பெட்டி தானாகச் சட்டைப்பைக்குத் திரும்பியது.
பத்தொன்பது உரச்சாக்கு.
பிரதேச சபை ட்ரக்டர் தோட்டத்துக்குள் வராது.
ரோட்டு வரைக்கும் நாங்கள்தான் சுமந்தோம்,
ஒவ்வொருவரும் அடுத்தவன் குப்பையை.

அன்றோடு எல்லாம் மாறியது
என்று எழுத ஆசை.
ஐந்தாம் காம்பரா இன்னும் கை வீசுகிறது.
எங்கள் வீட்டில் மட்டும் சில சில்லறைக் காரியங்கள்.
மரக்கறித் தோல் ஓட்டை வாளிக்குப் போகிறது,
வாளி சௌசௌ கொடிக்குப் போகிறது.
அரிசி கழுவிய தண்ணிக்கு
லீக்ஸ் பாத்தி காத்திருக்கிறது.
மலைக்குச் சோறு கொண்டுபோக
லன்ச் சீட் இல்லை, தூக்குச்சட்டி.
அதன் மூடி நடக்க நடக்கக் கிலுகிலுக்கும்.
பிந்தி வருவது யார் என்று
கங்காணிக்கு இப்போது
பனிமூட்டத்திலும் தெரிந்துவிடுகிறதாம்.
அதற்கு என்னைத்தான் ஏசுகிறாள்.

மஞ்சள் பையைக் கழுவி
பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளோடு
கொடியில் காயப்போட்டாள்.
அடுத்த ஞாயிறு நோர்வூட் சந்தையில்
மரக்கறிக்காரன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.
"கனகதாரா இன்னும் இருக்கா அக்கா?"

"இருக்கு இருக்கு,"
என்று பையின் வாயை விரித்தாள்.
"இதிலேயே கொட்டு.
ஒரு கிலோ கரட்."